மீன் அறுப்பு: அடுக்களையில் வாழும் ஓர் அறிவு

தமிழர் உணவு முறையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அடுப்பில் நிகழ்வதையே எழுதுகின்றனர். எந்த மசாலை, எத்தனை மிளகாய், எவ்வளவு புளி என்பன நூல்களில் இடம்பெறுகின்றன. அடுப்பு மூட்டப்படுவதற்கு முன்பே, மீன் சந்தையின் ஓரத்திலும் வீட்டுக் கொல்லைப்புறத்திலும் அரிவாள்மனையின் முன் நடைபெறும் வேலையைப் பற்றி எழுதுவோர் அரியர். ஆயினும் மீன் உணவைப் பொறுத்தவரை சுவை பிறக்கும் இடம் அடுப்பன்று, அறுப்பே ஆகும். எந்த மீனை எவ்வாறு அறுப்பது என்று முடிவு செய்யும்போதே அது குழம்பாகுமா, வறுவலாகுமா, புட்டாகுமா, கருவாடாகுமா என்பதும் முடிவாகிவிடுகிறது.

இம்முடிவு மனம்போன போக்கில் எடுக்கப்படுவதன்று. மீனின் உடலமைப்பு, முள் ஓடும் திசை, கொழுப்பு தங்கும் இடம், உண்பவர் கையால் உண்கிறாரா கருவியால் உண்கிறாரா என்னும் பல செய்திகள் அதனுள் அடங்கியுள்ளன. பள்ளிக்கூடம் செல்லாத பெண்கள் பலரும் இவ்வறிவைத் தாயிடமிருந்தும் மாமியாரிடமிருந்தும் கற்றுப் பேணி வந்துள்ளனர். அவ்வறிவின் இயல்பை விளக்குவதும், அது இன்று நிற்கும் நிலையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கப் பாடலில் ஒரு மீன் துண்டு

அகநானூற்றின் 60ஆம் பாடல் குடவாயிற் கீரத்தனார் பாடிய நெய்தல் திணைப் பாடல். கடலில் மீன் பிடிக்கும் தந்தைக்கு இளமகள் ஒருத்தி உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் காட்சி அதில் வருகிறது. உப்பை விற்று அதற்கு ஈடாகப் பெற்ற நெல்லின் வெண்சோறு. அயிலை மீனைப் புளியோடு துழாவி ஆக்கிய கறி. அதனுடன் கொழுத்த மீனின் துண்டு. இத்துண்டைக் குறிக்கப் புலவர் ஆளும் சொல் ‘தடி’ என்பதாகும். தடிதல் என்னும் வினைக்கு வெட்டுதல் என்று பொருள். வெட்டி எடுத்த தசைத்துண்டு தடி எனப்பட்டது.

இக்காட்சியில் இரு மீன்கள் இரு வேறு முறைகளில் ஆளப்பட்டிருப்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒன்று புளிப்பில் கலந்து குழைகிறது. மற்றொன்று துண்டு என்னும் உருக்குலையாமல் தனித்து நிற்கிறது. குழம்புக்கு ஒரு மீன், உடன் உண்ண ஒரு துண்டு என்று இன்றும் கடலோர வீடுகளில் நண்பகல் உணவு அமைவதைக் காண்கிறோம். அயிலை என்னும் பெயரும் மறைந்துவிடவில்லை. குமரிக் கடற்கரையிலும் மலையாள நாட்டிலும் கானாங்கெளுத்தி மீன் சிறு ஒலி வேறுபாட்டுடன் இப்பெயராலேயே வழங்குகிறது.

மீனின் உடலமைப்பு

ஆட்டிறைச்சி வேக ஒரு மணி நேரம் ஆகிறது. மீனோ சில நிமிடங்களில் வெந்துவிடுகிறது. காரணம் அதன் தசையமைப்பில் உள்ளது. நிலத்தில் வாழும் விலங்கு தன் எடையைத் தானே தாங்க வேண்டும். ஆகவே அதன் தசைகளை நீண்ட நார்களும் வலிமையான இணைப்புத் திசுக்களும் பிணைத்துள்ளன. மீனின் எடையை நீர் தாங்கிக்கொள்கிறது. அதன் தசை குறுகிய நார்களால் ஆன மடிப்புகளாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளது. மடிப்புகளுக்கு இடையே மெல்லிய சவ்வு மட்டுமே உண்டு. அச்சவ்வில் உள்ள கொலாஜன் என்னும் புரதம் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். வெந்த மீனை விரலால் தொட்டால் இதழ் இதழாகப் பிரிவது இதனால்தான். மீன் கொதிக்கும்போது அகப்பையிட்டுக் கிளறாமல் சட்டியின் விளிம்பைப் பிடித்துக் குலுக்கிவிடுவதும் இதனால்தான்.

மீனின் விலாவில் நடுக்கோட்டை ஒட்டிச் செங்கருமை நிறத்தில் ஒரு தசைப்பட்டை ஓடும். ஓயாமல் நீந்தும் மீன்களான சூரை, கானாங்கெளுத்தி முதலியவற்றில் இப்பட்டை அகன்றிருக்கும். கொழுப்பும் குருதிநிறப் பொருளும் இதில் மிகுதி. ஆதலால் இது விரைவில் காறல் அடிக்கும், மணமும் வலுத்திருக்கும். வயிற்றுப் பக்கத்துத் தசையில் கொழுப்பு கூடுதல், வாற்பக்கத்தில் குறைவு. நடுத்துண்டு, வயிற்றுத்துண்டு, வால்துண்டு என்று வீடுகளில் பெயரிட்டுப் பங்கிடுவது இவ்வேறுபாட்டை அறிந்தே ஆகும்.

ஆய்தலும் கழுவுதலும்

கீரை ஆய்தல் என்பதைப் போலவே தென்மாவட்டங்களில் ‘மீன் ஆய்தல்’ என்னும் வழக்கு உண்டு. வேறு சில ஊர்களில் ‘மீன் கழுவுதல்’ என்பர். கழுவுதல் என்றால் நீரில் அலசுதல் மட்டுமன்று. செதில் நீக்குவது முதல் துண்டிடுவது வரையிலான முழு வேலையும் அச்சொல்லில் அடங்கும். ‘கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்’ என்னும் வழக்கு இந்த வேலையிலிருந்து பிறந்ததே.

இவ்வேலைக்கு ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் துடுப்புகளையும் முட்களையும் நறுக்க வேண்டும். கெளுத்தியின் முதுகிலும் இருபுறமும் உள்ள முட்கள் நஞ்சுள்ளவை. அவற்றைக் களையாமல் அம்மீனைப் பற்றுதல் கூடாது. அடுத்து, வாலிலிருந்து தலையை நோக்கிச் செதிலை நீக்க வேண்டும். செதில்கள் வாலை நோக்கிப் படிந்திருப்பதால் எதிர்த்திசையில் உரசினால்தான் அவை எழும். வாளை மீனுக்குச் செதிலே இல்லை. நாக்கு மீனின் தோலைத் தலைப்பக்கத்தில் சற்றுக் கீறிப் பிடித்து இழுத்தால் முழுவதும் உரிந்து வரும். விராலின் மேல் படிந்த வழுவழுப்பு நீங்குவதற்குச் சாம்பலோ கல்லுப்போ இட்டுத் தேய்ப்பர்.

அதன்பின் செவுளை நீக்கி, வயிற்றைக் கீறிக் குடலை எடுக்க வேண்டும். பித்தப்பை உடைந்தால் சுற்றியுள்ள தசை கசக்கும். வயிற்றின் உட்சுவரில் படிந்திருக்கும் கருஞ்சவ்வைச் சுரண்டி எடுக்க வேண்டும். தண்டெலும்பின் அடியில் குருதி உறைந்த கோடு ஒன்று ஓடும். அதை நகத்தால் கீறி நீக்காவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் கவிச்சி போகாது. கழுவ வேண்டியவற்றையெல்லாம் துண்டிடுவதற்கு முன்பே கழுவிவிடுதல் நன்று. துண்டிட்ட பின் நெடுநேரம் நீரில் ஊறவிட்டால் தசையின் சாரமும் நீரோடு போய்விடும்.

அரிவாள்மனையும் விரலும்

மேலைநாட்டில் மீன் பலகையின்மேல் கிடக்கும், கத்தி நகரும். நம் அரிவாள்மனையில் இரும்பு நிலைத்து நிற்கும், மீன் நகரும். வங்காளத்திலும் இவ்வகைக் கருவியே வழங்குகிறது. இருகையாலும் மீனைப் பற்றி இரும்பை நோக்கிச் செலுத்துவதால், முள் எங்கே தடுக்கிறது, கணு எங்கே விடுகிறது என்பதை விரல்கள் உடனுக்குடன் உணர்கின்றன. தண்டெலும்பின் இரு கணுக்களுக்கு இடையே இரும்பு சென்றால் துண்டு ஒரே வீச்சில் வந்துவிடும். கணுவின்மேல் பட்டால் எலும்பு நொறுங்கிச் சிறு சில்லுகள் தசையில் கலக்கும்.

உண்ணும் முறைக்கும் அறுக்கும் முறைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. குச்சிகளால் உண்ணும் சப்பானியர் மீனின் இருபக்கத் தசையையும் தண்டெலும்பிலிருந்து பிரித்து, தசை இரண்டும் முள் ஒன்றுமாக மூன்று கூறாக்குவர். முள் நீக்கிய தசை குச்சிக்கு எளிது. நாமோ விரலால் சோறு பிசைந்து உண்பவர்கள். வாய்க்குச் செல்லும் முன்பே முள்ளை விரல் கண்டுபிடித்துவிடுகிறது. ஆகையால்தான் தண்டெலும்பைத் துண்டிலேயே விட்டுக் குறுக்காக அறுக்கும் முறை நம்மிடம் நிலைத்தது. எலும்பு துண்டின் உருவைத் தாங்கி நிற்கிறது. அதன் சாறும் குழம்பில் இறங்குகிறது.

மீனுக்கு ஏற்ற அறுப்பு

அறுப்பு முறைகளைப் பொதுவாக ஐந்து வகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, முழுமீனாக விடுதல். நெத்திலி, சாளை எனப்படும் மத்தி முதலிய சிறுமீன்களுக்கு இது பொருந்தும். நெத்திலியின் தலையை விரலால் கிள்ளி இழுத்தால் குடலும் உடன் வந்துவிடும், இரும்பே தேவையில்லை. இச்சிறுமீன்களை முள்ளோடு உண்பதால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து மிகுதியாகக் கிடைக்கிறது. மத்தியைப் புளியில் இட்டுச் சிறுதீயில் நெடுநேரம் வைத்தால் அதன் முள்ளும் மென்மையாகிவிடும்.

இரண்டாவது, கீறுதல். வவ்வால், சங்கரா, சிறு பாறை ஆகியவற்றை முழுதாக வறுக்கும்போது இருபக்கமும் சாய்வாக மூன்று நான்கு கீறல்கள் இடுவர். உப்பும் காரமும் உள்ளே செல்வதற்கு மட்டும் அன்று. தடித்த நடுப்பகுதியும் மெலிந்த வாற்பகுதியும் ஒரே நேரத்தில் வேகவும் இக்கீறல் உதவுகிறது. தசைக்குள் நுண்முள் மிகுந்த கெண்டை இனங்களில் கீறல்களை நெருக்கமாக இட்டால் முட்கள் சிறுசிறு துணுக்குகளாக வெட்டுண்டு, நன்கு வறுபட்டபின் தொண்டையை உறுத்தாமல் இறங்கும்.

மூன்றாவது, குறுக்குத் துண்டு. இதற்கு மிகவும் ஏற்ற மீன் வஞ்சிரம். குமரிப் பகுதியில் நெய்மீன் என்றும் யாழ்ப்பாணத்தில் அறுக்குளா என்றும் வழங்கும் இம்மீனில் தண்டெலும்பையும் விலா முட்களையும் தவிர நுண்முள் தொல்லை மிகக் குறைவு. வறுவலுக்கு 1 முதல் 1½ சென்டிமீட்டர் தடிப்பும், குழம்புக்கு 2 முதல் 2½ சென்டிமீட்டர் தடிப்பும் பொருந்தும். மெல்லிய துண்டு குழம்பில் உடையும். தடித்த துண்டு வறுவலில் வெளியே கருகி உள்ளே வேகாமல் நிற்கும்.

நான்காவது, பிளத்தல். மீனை முதுகுவழியாகவோ வயிற்றுவழியாகவோ பிளந்து ஏடுபோல் விரிப்பது இது. தசையின் உட்புறம் முழுவதும் உப்புக்கும் வெயிலுக்கும் முகம் காட்ட வேண்டியிருப்பதால் பெரிய மீன்களைக் கருவாடாக்க இம்முறை கையாளப்படுகிறது.

ஐந்தாவது, உதிர்த்தல். சுறாவுக்கும் திருக்கைக்கும் உரிய முறை இது. இவற்றின் உடலில் எலும்பு இல்லை. குருத்தெலும்பு மட்டுமே உண்டு. கடல்நீரின் உப்புச் செறிவுக்கு ஈடுகொடுக்க இவை தம் தசையில் யூரியா என்னும் பொருளைத் தேக்கி வைத்திருக்கின்றன. மீன் இறந்தபின் அது சிதைந்து அம்மோனியாவாக மாறுவதால்தான் பழைய சுறா கண்ணைக் கரிக்கும் நெடி வீசுகிறது. மஞ்சள் இட்ட நீரில் சுறாத்துண்டுகளை வேகவைத்து, அந்த நீரைக் கொட்டி, தோலையும் குருத்தெலும்பையும் அகற்றி, தசையைப் பிழிந்து உதிர்ப்பது வழக்கம். யூரியா நீரில் எளிதில் கரைவது ஆதலால் அதில் பெரும்பகுதி கொட்டிய நீரோடு போய்விடுகிறது. எஞ்சிய தசையை வெங்காயமும் பச்சை மிளகாயும் பூண்டும் சேர்த்து வதக்கினால் அதுவே சுறாப்புட்டு.

தலை, வயிறு, சினை

விருந்தில் மீன்தலையை யாருக்குப் படைப்பது என்பது பல ஊர்களில் மதிப்போடு தொடர்புடைய செய்தி. கொடுவா, விளைமீன், பெரிய பாறை ஆகியவற்றின் தலை குழம்புக்குச் சிறந்தது. தலையின் தோலிலும் உதட்டிலும் கன்னத்திலும் கொலாஜன் மிகுந்திருப்பதால் குழம்பு தானே கெட்டியாகிறது. செவுளை மட்டும் மீதமின்றி எடுத்துவிட வேண்டும். மீனின் உடலில் விரைவாகக் கெடும் உறுப்புகளுள் அது ஒன்று.

வயிற்றுத்துண்டு கொழுப்பு மிக்கது. அதைப் புளிக்குழம்பில் இடுவதே நன்று. எண்ணெயில் வறுத்தால் கொழுப்பு உருகித் தசை சுருங்கும். வால்துண்டு கொழுப்புக் குறைந்து இறுகியிருப்பதால் வறுவலுக்கு ஏற்றது. சினையை உறை கிழியாமல் எடுத்து, மஞ்சளும் உப்பும் தடவிச் சிறுதீயில் வேகவிட வேண்டும். தீ மிகுந்தால் உறை வெடித்துச் சிதறும்.

ஆயினும் எல்லா மீனின் சினையும் உண்ணத்தக்கது அன்று. பேத்தை மீனின் ஈரலிலும் சினையிலும் உயிரைப் போக்கும் நஞ்சு உண்டு. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு அழியாது. வலையில் வரும் பேத்தையை உண்ணாமல் ஒதுக்கும் கடலோடிகளின் வழக்கம் அனுபவம் தந்த பாடமாகும்.

புளியும் ஆணமும்

மீன் குழம்பில் புளி சேர்வது சுவைக்காக மட்டும் அன்று. கடல்மீனின் தசையில் இயல்பாக உள்ள ஒரு பொருள், மீன் இறந்தபின் நுண்ணுயிர்களால் சிதைந்து டிரைமெத்திலமைன் என்னும் காரப்பொருளாகிறது. நாம் கவிச்சி என்று சொல்லும் மணத்திற்கு அதுவே முதன்மைக் காரணம். புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் அக்காரப்பொருளோடு சேர்ந்து அது காற்றில் எழாதபடி கட்டிவிடுகிறது. புளிக்கரைசல் நன்றாகக் கொதித்துப் பச்சை வாடை நீங்கிய பின்னரே மீனை இட வேண்டும் என்பர். மீனுக்கு வேண்டியது சில நிமிட வேக்காடு மட்டுமே. புளிக்கும் மிளகாய்க்கும் வேண்டியதோ அதைவிட நெடிய கொதிப்பு.

கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடலோர ஊர்களின் முஸ்லிம் இல்லங்களில் குழம்பு என்னும் சொல்லுக்கு ஈடாக ‘ஆணம்’ என்னும் சொல் வழங்குகிறது. மீனாணம், புளியாணம் என்று சேர்த்தும் சொல்வர். வெளியூரார் இதனை வேற்றுமொழிச் சொல் என்று எண்ணுவதுண்டு. உண்மையில் ஆணம் என்பது குழம்பைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லே. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனிலும் அது இடம்பெற்றுள்ளது. பொதுவழக்கில் அருகிப்போன சொல்லொன்றை அடுக்களை காத்து வைத்திருக்கிறது.

காலத்தை வென்ற அறுப்பு

மீனைச் சில மணி நேரத்தில் உண்ண வேண்டும். அல்லது காலத்தை வெல்லும் வழி காண வேண்டும். உப்பும் வெயிலும் அதற்கு நம் முன்னோர் கண்ட வழிகள். நடுத்தர மீனுக்கு ஏறத்தாழ நான்கு பங்குக்கு ஒரு பங்கு உப்பு என்பது பரவலான கணக்கு. தமிழகத்தின் தென்கடற்கரையில் உப்பிட்ட மீனை ஓலைப்பாய் விரித்த குழியில் இட்டு மூடி, இரண்டு மூன்று நாள் கழித்து எடுக்கும் முறையும் உண்டு. மேலைக்கடற்கரையில் உப்போடு கொடம்புளியும் சேர்த்து மரப்பீப்பாய்களில் அடுக்கிக் கொழும்புக்கு அனுப்பினர். அம்முறைக்குக் கொழும்புப் பதம் என்னும் கருத்துப்படும் பெயரே நிலைத்துவிட்டது.

இவை அனைத்தினும் நுட்பமானது மாசி. வரிச்சூரை என்னும் மீனின் தலையையும் குடலையும் நீக்கி, தண்டெலும்பை விலக்கி, முதுகுத்தசை இரண்டும் வயிற்றுத்தசை இரண்டுமாக நீளவாக்கில் நான்கு கூறாக்குவர். அவற்றை உப்புநீரில் வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகும்வரை பல நாள் வெயிலில் உலர்த்துவர். சூரையின் தசையில் நீரும் குருதியும் மிகுதியாதலால் முழுமீனாக உலர்த்தினால் உள்ளே அழுகிவிடும். நான்காகப் பிளந்தால்தான் வெப்பமும் புகையும் நடுவரை செல்லும்.

1343ஆம் ஆண்டில் மாலத்தீவை அடைந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இம்மீனைப் பற்றித் தம் பயண நூலில் குறித்திருக்கிறார். ஒவ்வொரு மீனையும் நான்கு துண்டாக்கி, சிறிது வேகவைத்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிடுவர் என்றும், உலர்ந்தபின் அது இந்தியா, சீனம், ஏமன் ஆகிய நாடுகளுக்குச் செல்லும் என்றும் அவர் எழுதியுள்ளார். அவர் கண்ட அந்த நான்கு கூறு இன்றும் மாறவில்லை. மாலத்தீவிலும் இலட்சத்தீவின் மினிக்காய்த் தீவிலும் இம்முறை தொடர்கிறது. மாலத்தீவு மொழியில் ‘மஸ்’ என்பதற்கு மீன் என்று பொருள். நம் ‘மாசி’ அதனை ஒட்டி வந்ததாகத் தோன்றுகிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஈழத்திலும் இடித்த மாசி சம்பலாகிச் சோற்றுக்குத் துணையாகிறது. ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளாக ஒரே வகையாக அறுக்கப்பட்டு வரும் மீன் என்று இதனைச் சொல்லலாம்.

தலை போனால் சாட்சி போயிற்று

இன்று நகரங்களில் முள் நீக்கி, தோல் உரித்து, உறையில் அடைத்த மீன் வீடு தேடி வருகிறது. வேலைக்குச் செல்லும் மகளிர்க்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. சிறு குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் முள்ளற்ற தசை நலம் பயக்கும். அதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் அவ்வுறையில் இல்லாதவை எவை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மீன் புதியதா என்று அறியக் கண், செவுள், தசை, மணம் என்னும் நான்கு சாட்சிகள் உண்டு. கண் புடைத்துத் தெளிந்திருக்க வேண்டும். செவுள் சிவந்திருக்க வேண்டும். அழுத்திய தசை உடனே எழும்ப வேண்டும். கடலின் மணம் இருக்கலாம், நாற்றம் கூடாது. தலை நீங்கிய துண்டில் முதல் இரண்டு சாட்சிகளும் இல்லை. உறைபனியில் இறுகிய துண்டில் மற்ற இரண்டும் இல்லை. வாங்குபவர் விற்பவரின் சொல்லை மட்டுமே நம்ப வேண்டியவராகிறார்.

இது சுவையைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி முதலிய மீன்கள் பிடிபட்டபின் குளிர்ச்சியின்றிக் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகும். அதை உண்டவர்க்கு முகம் சிவத்தல், தலைவலி, தடிப்பு, வாந்தி முதலியன தோன்றும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அப்பொருள் அழியாது. ஆகவே பனிக்கட்டியைத் தவிர இதற்குக் காவல் வேறில்லை. வெப்ப நாடுகளில் மீனும் பனிக்கட்டியும் சம எடையில் இருத்தல் வேண்டும் என்பது துறையறிஞர் கூறும் பொது அளவு. செவுளைத் தூக்கிப் பார்த்து வேண்டாம் என்று எழுந்துபோகும் மூதாட்டி, பேரம் பேசத் தெரிந்தவர் மட்டும் அல்லர். தம் குடும்பத்தின் உணவுக் காவலரும் ஆவார்.

மற்றோர் இழப்பும் உண்டு. முள் நீக்கிய தசையாக எடுக்கும்போது மீனின் எடையில் ஏறத்தாழப் பாதியோ அதற்கும் குறைவோதான் தட்டுக்கு வருகிறது. தலையும் தண்டெலும்பும் சினையும் கழிவாகின்றன. குறுக்காக அறுத்து, தலையைக் குழம்பிலும் வாலை வறுவலிலும் சினையைத் தனியாகவும் ஆண்ட அடுக்களையில் கழிவு மிகக் குறைவு. எளிய குடும்பம் ஒன்று ஒரு மீனைக் கொண்டு எட்டுப் பேருக்குச் சோறு போட்டது இந்த அறிவினால்தான்.

தமிழ் மாணவர்க்கு ஒரு பணி

மீன்களைப் பற்றிய அறிவியல் ஆய்வு நம் நாட்டில் சிறப்பாக நடைபெறுகிறது. 1947இல் தோன்றி, நெடுங்காலம் மண்டபத்தில் இயங்கி, பின்னர் கொச்சிக்கு மாறிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், 1977இல் தூத்துக்குடியில் தொடங்கப்பட்ட மீன்வளக் கல்லூரியும் இத்துறைக்கு ஆற்றிவரும் தொண்டு பெரிது. தமிழ் லெக்சிகனிலும் மீன் பெயர்கள் பல இடம்பெற்றுள்ளன. பெயர்ச்சொற்கள் ஓரளவு தொகுக்கப்பட்டன எனலாம். ஆனால் அறுப்பின் சொற்கள், அதாவது கிள்ளுதல், கீறுதல், உரசுதல், பிளத்தல், உதிர்த்தல் என்னும் வினைகள் எந்த மீனுக்கு எந்த ஊரில் எப்பொருளில் வழங்குகின்றன என்பதைக் கேட்டு எழுதும் பணி மொழித்துறையினர்க்கு உரியது. வினைச்சொல் மறைந்தால் அந்தச் செயலின் நுட்பமும் மறையும். எல்லாவற்றையும் ‘கட் பண்ணுதல்’ என்னும் ஒரே வாய்பாட்டில் அடக்கிவிடும் தலைமுறைக்குக் கீறுவதற்கும் பிளப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துச் சொல்லச் சொல்லே இராது.

இப்பணிக்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. நாகூர், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் என நம் மாணவர் பலரும் கடலோர ஊர்களிலிருந்து வருபவர்கள். பிறர்க்கும் ஊருக்கொரு மீன் சந்தை உண்டு. விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லலாம். வீட்டில் பாட்டியாரிடமும், சந்தையில் மீன் அறுத்துக் கொடுக்கும் தாய்மாரிடமும் கேட்டு, ஊர், மீனின் பெயர், அறுக்கும் முறை, அதற்கு வழங்கும் சொல், அதிலிருந்து ஆகும் உணவு என ஐந்து செய்திகளை எழுதி வரலாம். நூறு மாணவர் ஆளுக்குப் பத்துச் சொல் கொணர்ந்தால் ஆயிரம் பதிவுகள். அவற்றுள் திரும்ப வருவன போக எஞ்சியவை ஒரு சிறு சொற்களஞ்சியம் ஆகும்.

கேட்கும்போது ஒன்றை மறத்தல் ஆகாது. அரிவாள்மனையின் முன் அமர்ந்திருக்கும் அப்பெண் நம் ஆய்வுக்குத் தகவல் தருபவர் மட்டும் அல்லர்; அத்துறையில் அவரே ஆசிரியர், நாம் மாணவர். குடவாயிற் கீரத்தனார் கடற்கரைச் சிறுமி ஒருத்தியின் கையிலிருந்த மீன் துண்டைக் கண்டு அதற்குரிய சொல்லோடு பாடலில் வைத்தார். அதனால்தான் ‘தடி’ என்னும் அச்சொல் இன்று நமக்குக் கிடைத்துள்ளது. நம் காலத்துச் சொற்களை நாம் எழுதி வைத்தால் அவையும் பின்வருவோர்க்குக் கிடைக்கும்.